தெருப் படங்களில் அரிய ரயில்வே கிராசிங் பலகைகளையும் சிக்னல்களையும் கண்டறிதல்: முழுமையான வழிகாட்டி

சாலையும் இருப்புப்பாதையும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்ளும் இடங்களில் நிற்கும் பலகைகளும் விளக்குகளும் ஒரு நாட்டுக்குள் பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். ஆயினும் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நிறுவப்பட்ட கருவிகளும், சோதனைக்காக ஓரிரு மாநிலங்களில் மட்டும் வைக்கப்பட்ட பலகைகளும், விதிகள் மாறிய பின்னும் மாற்றப்படாத பழைய அமைப்புகளும் கிளைப் பாதைகளில் இன்னும் தென்படுகின்றன. முன்பெல்லாம் இவற்றைத் தேட விரும்பியவர் நேரில் அலைந்தே ஆக வேண்டும். 2007 மே மாதம் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் தெருக்களைச் சுற்றிப் பார்க்கும் படங்களாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூ தொடங்கி, பின்னர் உலகின் பெரும்பகுதிக்குப் பரவியதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடும் வழி பிறந்தது.

இந்தத் தேடலில் பலர் சலித்துப்போவதற்குக் காரணம், அரியது எது என்று மட்டும் படித்துவிட்டு வழக்கமானது எது என்பதைப் படிக்காமல் இறங்குவதுதான். வழக்கமானதை மனப்பாடமாக அறிந்த கண்ணுக்கு மட்டுமே வேறுபட்டது தானாகப் புலப்படும். ஆகவே இவ்வழிகாட்டி அங்கிருந்தே தொடங்குகிறது. பழைய கருவிகளின் வகைகளும் பொதுப் பதிவுகளும் அமெரிக்காவில் மிகுதி என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்நாட்டைச் சேர்ந்தவை. பிற நாடுகளைப் பற்றிய குறிப்பு பின்னால் வருகிறது.

முதற் படி: வழக்கமான அமைப்பைக் கண்ணில் பதித்துக்கொள்ளுதல்

அமெரிக்கக் கிராசிங் ஒன்றை நெருங்கும் சாலையில் முதலில் வருவது மஞ்சள் வட்டப் பலகை. அதில் கறுப்பு நிறப் பெருக்கல் குறியும் இரண்டு 'ஆர்' எழுத்துகளும் இருக்கும். எச்சரிக்கைப் பலகைகள் பெரும்பாலும் சாய்சதுர வடிவில் இருக்கும் அந்நாட்டில் மஞ்சள் வட்டம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பதால், மங்கலான படத்திலும் தொலைவிலிருந்தே இதை அடையாளம் காணலாம். தண்டவாளத்தின் அருகே வெள்ளைக் குறுக்குப் பலகை நிற்கும். 'ரெயில்ரோடு கிராசிங்' என்ற சொற்கள் கறுப்பில் எழுதப்பட்ட அதன் இரு கரங்களும் செங்கோணத்தில் வெட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள் இருந்தால் அவற்றின் எண்ணிக்கையைக் கூறும் சிறு பலகை அதற்குக் கீழே தொங்கும். விளக்கு உள்ள இடங்களில் இரண்டு சிவப்பு விளக்குகள் கறுப்பு வட்டப் பின்தட்டுகளோடு பக்கம் பக்கமாக அமைந்திருக்கும். இன்றைய விளக்கின் விட்டம் 12 அங்குலம். கேட் இருந்தால் அதன் கரத்தில் சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் மாறி மாறி வரும்.

விதிகள் மாறிய ஆண்டுகளைத் தெரிந்துகொண்டால் வழக்கமான அமைப்பே ஒரு காலக்கணிப்புக் கருவியாகிவிடும். அந்நாட்டின் சாலைக் குறியீட்டுக் கையேட்டின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு, விளக்கோ கேட்டோ இல்லாத கிராசிங்குகளில் குறுக்குப் பலகையோடு 'வழிவிடு' அல்லது 'நில்' பலகையும் இருக்க வேண்டும் என்று கூறி, அதற்கு 2019 டிசம்பர் 31 வரை அவகாசம் அளித்தது. கேட் கரத்தின் பட்டைகள் சாய்வாக இருந்தது போய்ச் செங்குத்தாக ஆனதும் அதே பதிப்பில்தான். எனவே அண்மைக் காலப் படத்தில் சாய்வான பட்டைகளோ, துணைப் பலகை இல்லாத தனிக் குறுக்குப் பலகையோ கண்ணில் பட்டால், அந்தப் பாதையை யாரும் அதிகம் கவனிக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பாதையில் அடுத்தடுத்த கிராசிங்குகளையும் விடாமல் பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: அரியவற்றின் உருவத்தை அறிதல்

இத்துறையினர் முதன்மையாகத் தேடுவது விக்வாக் எனப்படும் ஊசல் சிக்னலை. தெற்குக் கலிபோர்னியாவின் பசிபிக் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஆல்பர்ட் ஹன்ட் 1909இல் இதை உருவாக்கினார். கையில் சிவப்பு விளக்கை ஏந்தி இடமும் வலமும் ஆட்டும் காவலாளியின் வேலையை இயந்திரம் செய்ய வேண்டும் என்பதே அதன் கருத்து. லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த மேக்னடிக் சிக்னல் நிறுவனம் 'மேக்னடிக் ஃபிளாக்மேன்' என்ற பெயரில் இதைத் தயாரித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நிறுவனம் மினியாபோலிஸின் கிரிஸ்வோல்டு நிறுவனத்திடம் கைமாறியது. புதிய விக்வாக்குகளின் தயாரிப்பு 1949இலும் உதிரி பாகங்களின் தயாரிப்பு 1960இலும் நின்றன. உதிரி பாகம் கிடைக்காத கருவி என்பதால்தான், கிராசிங் மேம்படுத்தப்படும் போதெல்லாம் முதலில் அகற்றப்படுவது இதுவாக இருக்கிறது.

விக்வாக்கின் வட்டத் தகடு 20 அங்குல விட்டம் கொண்டது. வெள்ளைப் பரப்பில் கறுப்பு விளிம்பும் கறுப்புக் கூட்டல் குறியும் தீட்டப்பட்டு, நடுவில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். கீழ்நோக்கிய வகையில் மோட்டார் பெட்டி உயரத்தில் அமைந்து, தகடு அதன் அடியில் ஊசலைப் போலத் தொங்கும். மேல்நோக்கிய வகையில் தகடு பெட்டிக்கு மேலே நிற்க, பாய்மரப் படகின் வடிவை ஒத்த எடைத்துண்டு அடியில் இருந்து சமன் செய்யும். இந்த இரண்டாம் வகையைத் தொலைவுப் படத்தில் கண்டால் கம்பத்தின் உச்சியில் வைத்த சாதாரண வட்டப் பலகை என்று எளிதாகக் கடந்துவிடுவோம். அடியிலுள்ள எடைத்துண்டுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவதாக, ஓய்வில் இருக்கும்போது தகடு ஒரு மறைப்புக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும் வகையும் இருந்தது. ரயில் வராத நேரத்தில் எடுத்த படத்தில் மறைப்பு மட்டுமே தெரியும் என்பதால், தெருப் படத்தில் கண்டுபிடிக்க மிகக் கடினமானது இதுவே.

கிரிஸ்வோல்டு நிறுவனம் தன் பெயரிலேயே தயாரித்த சுழலும் 'நில்' பலகையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கண்ணுக்கு அகப்படாதது. ரயில் வரும்போது பலகை 90 பாகை திரும்பி ஓட்டுநரை நோக்கும். மற்ற நேரங்களில் அதன் விளிம்பு மட்டுமே சாலையை நோக்கியிருக்கும். சாலை வழியே நேராக வரும் கேமராவுக்கு விளக்குகளோடு கூடிய கம்பத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டுமே தெரியும். ஐயம் வந்தால் கிராசிங்கின் மேலேயே நிற்கும் படத்துக்குச் சென்று, பக்கவாட்டில் திரும்பிக் கம்பத்தைப் பார்க்க வேண்டும். எண்கோணப் பலகையின் முகம் தண்டவாளத்தை நோக்கி, அதாவது யாருக்கும் பயன்படாத திசையில், திரும்பியிருந்தால் தேடியது கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

பலகைகளில், ஒஹாயோ மாநிலத்தில் 1990களில் சோதித்துப் பார்த்த, 'பக்ஐ' (Buckeye) எனப்படும் குறுக்குப் பலகை குறிப்பிடத்தக்கது. அதன் எழுத்துகள் கறுப்பில் அல்லாமல் சிவப்பில் இருக்கும்; அதற்குக் கீழே, ஓரங்கள் மடிக்கப்பட்டு, வரும் ரயிலின் ஒளியையும் வாகனத்தின் ஒளியையும் எதிரொளிக்கும் கேடய வடிவத் தகடு ஒன்று இருக்கும். எழுத்துகளின் மேல் கண்ணாடிக் குமிழ்கள் பதித்த பழைய பலகைகளையும், இரு கரங்களும் செங்கோணத்தில் அல்லாமல் தட்டையாகச் சாய்ந்து வெட்டும் பலகைகளையும், 8⅜ அங்குல விட்டமுள்ள பழைய சிறு விளக்குகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சிறு விளக்கைத் தனியே பார்த்து அளவிட முடியாது. பின்தட்டின் கறுப்பு வளையம் விளக்கோடு ஒப்பிடும்போது வழக்கத்தைவிட அகலமாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது சிறு விளக்கு.

மூன்றாம் படி: தேடும் இடத்தைக் குறுக்குதல்

வரைபடத்தில் கண்ட தண்டவாளங்களையெல்லாம் தொடர்ந்து செல்வது வீண் உழைப்பு. அமெரிக்காவைப் பொறுத்தவரை, மத்திய ரயில்பாதை நிர்வாகம் ஒவ்வொரு கிராசிங்குக்கும் ஆறு இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட தனி எண்ணை வழங்கி, அதன் இருப்பிடத்தையும் பாதுகாப்புக் கருவிகளையும் பொதுத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. அத்தரவை யாரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு கிராசிங்கையும் கருவியின் வகைப்படி பிரிக்கும் குறியீடு உண்டு. அவ்வகைகளுள் ஒன்றில் சாலைப் போக்குவரத்து விளக்கு, விக்வாக், மணி ஆகியவை ஒன்றாக அடக்கப்பட்டுள்ளன. அந்த வகையை மட்டும் வடிகட்டி எடுத்தால் பெரும்பட்டியல் கையடக்கமாகிவிடும்.

பட்டியலை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். விவரங்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதே விதி; ஆகவே அகற்றப்பட்ட கருவி பதிவில் உயிரோடிருப்பதும், நிற்கும் கருவி பதிவில் இல்லாதிருப்பதும் இயல்பு. என் மதிப்பீட்டில், பதிவும் படமும் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களே தேடுபவருக்கு அதிகம் தரும் இடங்கள்.

மற்ற நாடுகளில், பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கைகொடுக்கும். சாலைகள் பாதையைக் கடக்கும் இடங்களும் நடைபாதைகள் கடக்கும் இடங்களும் அதில் தனித்தனிக் குறிச்சொற்களால் பதியப்படுகின்றன. கேட், விளக்கு, மணி ஆகியவை உண்டா இல்லையா என்பதற்கும் குறிச்சொற்கள் உண்டு. ஓவர்பாஸ் டர்போ என்னும் தேடுகருவியில், ஒரு மாவட்டத்துக்குள் விளக்கு உண்டு, கேட் இல்லை என்று பதிவான கிராசிங்குகளை மட்டும் காட்டும்படி கேட்கலாம். பழைய கருவிகள் பெரும்பாலும் இக்கூட்டத்தில்தான் ஒளிந்திருக்கும். கேட் அமைக்கும்போது கம்பங்களையும் சேர்த்து மாற்றிவிடுவதே நடைமுறை. தொழிற்சாலைக்குள் செல்லும் ஒற்றைத் தண்டவாளங்கள், சிறு நிறுவனங்களின் கிளைப் பாதைகள், சுற்றுலா ரயில்கள் ஓடும் பழைய பாதைகள், சந்துகளின் குறுக்கே செல்லும் பாதைகள் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். விரைவு ரயில்கள் ஓடும் முதன்மைப் பாதைகளில் செலவிடும் நேரத்துக்குப் பலன் குறைவு.

நான்காம் படி: மேலிருந்து இறங்கிக் கிராசிங்கைச் சுற்றிப் பார்த்தல்

செயற்கைக்கோள் படத்தில் தொடங்கி, தண்டவாளம் உண்மையில் சாலையைக் கடக்கிறதா, தார் போட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெயில் சாய்ந்த நேரத்தில் எடுத்த படமாக இருந்தால் கம்பங்களின் நிழல் தரையில் நீண்டு விழும். சாலையின் மேல் நீளும் கைக்கம்பமும், விக்வாக்கின் நீட்டிய தாங்கியும் நிழலிலேயே தெரிந்துவிடும். அதன் பின்னரே தெருப் படத்துக்கு இறங்க வேண்டும்.

ஒரு கிராசிங்கைக் குறைந்தது நான்கு நிலைகளிலிருந்து பார்க்க வேண்டும்: இரு பக்கச் சாலைகளிலும் சற்றுத் தொலைவில், தண்டவாளத்தின் மேல், அருகில் இணையாகச் செல்லும் தெரு இருந்தால் அங்கிருந்தும். இணைத் தெருவிலிருந்து பார்ப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிக்னலின் பின்புறத்தையும் பக்கவாட்டையும், கம்பத்தின் அடியிலுள்ள பெட்டியையும், மணியின் வடிவத்தையும் காட்டுவது அந்தக் கோணம்தான். ஓட்டுநரை நோக்கிய முகப்பு விதிப்படி அடிக்கடி மாற்றப்படும். பின்புற வார்ப்பிரும்புப் பாகங்களை யாரும் மாற்றுவதில்லை. மேலும், சாலையின் ஒரு பக்கம் புதுக் கம்பமும் மறுபக்கம் பழைய கம்பமும் நிற்கும் கிராசிங்குகள் உண்டு என்பதால் ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

கம்பத்தில் நீலப் பலகை இருந்தால் பெரிதாக்கிப் படித்து அதிலுள்ள கிராசிங் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். அதிலேயே இருக்கும் தொலைபேசி எண் அவசரத் தகவலுக்கு மட்டுமே உரியது. சிக்னலின் வயதைக் கேட்பதற்கு அதை அழைப்பது முறையன்று. சில இடங்களில் அந்த எண் வாகனப் பதிவெண் என்று கருதப்பட்டுத் தானியங்கி முறையில் மங்கலாக்கப்பட்டிருக்கும். அப்போது எதிர்த்திசைக் கம்பத்தையோ வேறு ஆண்டின் படத்தையோ நாட வேண்டும்.

ஐந்தாம் படி: ஆண்டுகளை ஒப்பிடுதல்

கூகுள் 2014 ஏப்ரலில் பழைய தெருப் படங்களைத் திறந்துவிட்டது. 2022 முதல் கைப்பேசியிலும் அவற்றைப் பார்க்க முடிகிறது. இந்த வசதி இல்லாவிட்டால் இத்தேடலில் பாதி இல்லை. இன்று பளபளப்பான புதுக் கம்பம் நிற்கும் இடத்தில் 2008ஆம் ஆண்டுப் படத்தில் விக்வாக் ஆடாமல் நின்றிருக்கலாம். முதலாண்டுகளின் படங்கள் மங்கலானவை என்பதால் அவற்றில் எழுத்தைப் படிக்க முயலாமல் உருவ அமைப்பை மட்டுமே பார்க்க வேண்டும். வட்டம் ஒன்றா இரண்டா, அது கம்பத்தின் நடுவில் உள்ளதா, தாங்கியின் முனையில் உள்ளதா என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்தத் தெளிவே போதும்.

ஒரு சிக்கல் உண்டு. படத்துக்குப் படம் நகரும்போது ஸ்ட்ரீட் வியூ சில நேரங்களில் நம்மைக் கேட்காமலேயே வேறு ஆண்டுக்குத் தாவிவிடும். சந்திப்பில் நின்று பார்த்தது ஓர் ஆண்டாகவும், பத்து மீட்டர் முன்னே சென்று பார்த்தது வேறோர் ஆண்டாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் புரிந்துகொண்டால் உலகில் எங்குமே இல்லாத சிக்னல் ஒன்றைக் கண்டுபிடித்ததாக முடியும். ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் பின் படத்தின் மாதத்தையும் ஆண்டையும் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

கூகுளின் படம் போதாத இடத்தில் மேப்பில்லரி, கார்ட்டாவியூ ஆகிய பொதுமக்கள் பங்களிப்புத் தளங்களையும், ஆப்பிளின் லுக் அரவுண்டையும் பார்க்கலாம். மேப்பில்லரியில் சாலைப் பலகைகளைக் கணினியே வகைப்படுத்திக் காட்டும் வசதி உண்டு. ஆனால் அது அறிந்தது வழக்கமான பலகைகளையே. அரியவற்றைப் பிடிக்க அதை நம்புவதில் பயனில்லை.

ஆறாம் படி: படம் ஏமாற்றும் இடங்களை விலக்குதல்

அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு விளக்கும் நிமிடத்துக்கு 35 முதல் 65 முறை வரை மாறி மாறி மின்ன வேண்டும். கேமரா ஒரு கணத்தை மட்டும் பிடிப்பதால், இரண்டில் ஒன்று மட்டும் எரிவது போலத்தான் தெரியும். அதை ஒற்றை விளக்குச் சிக்னல் என்றோ பழுது என்றோ கருதக் கூடாது. பல கேமராக்களின் படங்களை ஒட்டும்போது கேட் கரம் இரண்டாக உடைந்தும், கம்பம் வளைந்தும், விளக்கு இரட்டித்தும் தோன்றலாம். பக்கத்துப் படத்திலும் அதே வடிவம் தெரிந்தால் மட்டுமே அது உண்மை.

நிற்பதெல்லாம் இயங்குவதில்லை. விளக்குகள் சாலையிலிருந்து வேறு பக்கம் திருப்பப்பட்டிருந்தாலும், துணியாலோ பையாலோ மூடப்பட்டிருந்தாலும், பாதை பயன்பாட்டில் இல்லை என்று கூறும் பலகை இருந்தாலும் அதைத் தனிப் பிரிவில் பதிய வேண்டும். கலிபோர்னியாவின் பாயிண்ட் ரிச்மண்டில் புதிய சிக்னல்கள் அமைக்கப்பட்ட பின்னும் பழைய விக்வாக்குகள் இரண்டு நினைவுச் சின்னமாக அங்கேயே விட்டுவைக்கப்பட்டன. படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு தலைமுறைக் கருவிகள் சேர்ந்து இயங்குவதாகவே தோன்றும். சேகரிப்பாளர்கள் தங்கள் முற்றத்தில் நட்டுவைத்த சிக்னல்களும் உண்டு. அருகில் தண்டவாளம் இருக்கிறதா, கம்பத்துக்கு மின்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தாலே இவை பிரிந்துவிடும். அவற்றின் முகவரியைப் பொதுவில் வெளியிடாமலிருப்பது நாகரிகம்.

ஏழாம் படி: பிற நாடுகளுக்குச் செல்லும்போது

ஒரு நாட்டில் அரியது இன்னொரு நாட்டில் அன்றாடக் காட்சி என்பதால், எல்லை தாண்டும்போது முதற் படியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். கனடாவின் குறுக்குப் பலகையில் எழுத்தே இராது, வெள்ளையில் சிவப்பு விளிம்பு மட்டும்தான். ஆகவே அங்கே எழுத்துள்ள பழைய பலகை அகப்பட்டால் அது குறிப்பெடுக்கத் தக்கது. பின்லாந்திலும் சுவீடனிலும் குறுக்குப் பலகை மஞ்சளும் சிவப்பும் ஆனது. ஜப்பானில் மஞ்சளும் கறுப்புமான பட்டைகள், ரயில் வரும் திசையைக் காட்டும் அம்புக்குறி விளக்குகள், எல்லாத் திசையிலும் தெரியும் உருளை விளக்குகள் ஆகியவை சாதாரணம். அங்குள்ள எச்சரிக்கைப் பலகைகளில் நீராவி எஞ்சின் படம் உள்ளவற்றையும் மின்ரயில் படம் உள்ளவற்றையும் பிரித்துப் பதிவது சுவையான வேலை.

ரஷ்யா, செக் குடியரசு, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் சிவப்பு விளக்குகளோடு, ரயில் இல்லாதபோது மின்னும் வெள்ளை விளக்கும் இருப்பதுண்டு. ரஷ்யாவின் சில கிராசிங்குகளில் கேட் கரத்தோடு சாலைப் பரப்பிலிருந்தே எழும்பும் இரும்புத் தகடுகளும் உள்ளன. இறங்கிய நிலையில் அவை வெறும் உலோகப் பாளங்களாகத் தெரியும் என்பதால் கேமராவைத் தரையை நோக்கித் திருப்பிப் பார்க்க வேண்டும். சாலைக் குறியீடுகள் பற்றிய 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில் கிராசிங்குக்கு முன் மூன்று, இரண்டு, ஒன்று என்று பட்டைகள் குறைந்துவரும் தூரக் கம்பங்கள் வரும். ஜெர்மனியில் அவை வழக்கமாக 240, 160, 80 மீட்டரில் நிற்கும். ஆனால் ஜெர்மனியில் 2010இல் சில நகரங்களோடு நின்றுபோன ஸ்ட்ரீட் வியூ 2023இல்தான் விரிவாகத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளுக்குப் பங்களிப்புத் தளங்களே துணை.

எட்டாம் படி: பதிவு செய்தலும் மீண்டும் பார்த்தலும்

ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, கிராசிங் எண், கருவியின் வகை, பார்த்த திசை, படத்தின் மாதமும் ஆண்டும், இயங்குகிறதா என்ற மதிப்பீடு ஆகியவற்றை ஒரு விரிதாளில் எழுதிவைக்க வேண்டும். ஸ்ட்ரீட் வியூ பக்கத்தின் இணைய முகவரியிலேயே இடமும் கேமராவின் திசையும் அடங்கியிருப்பதால் அதை முழுமையாகப் படியெடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கூகுளின் படத்தைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தகவல் சேர்ப்பதற்கு அத்திட்டம் இடம் தருவதில்லை. அங்கு பங்களிக்க விரும்புவோர் மேப்பில்லரி போன்ற அனுமதியுள்ள படங்களையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

புதிய படங்கள் வெளியாகும்போது பட்டியல் முழுவதையும் மறுபடி பார்ப்பதற்கு நேரம் போதாது. எங்கே மாற்றம் நெருங்குகிறது என்பதைப் பழைய படமே சொல்லிவிடும்: பழைய சிக்னலுக்குப் பக்கத்தில் புத்தம் புதிய அலுமினிய மின்அறை, திருகாணிகள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் கான்கிரீட் பீடம், தரையில் வண்ணத் தெளிப்பால் போட்ட குழாய்க் குறிகள், பை மாட்டிய விளக்குகளோடு காத்திருக்கும் கம்பம். இவற்றில் ஒன்று தெரிந்த கிராசிங்கை விரிதாளில் தனி நிறத்தில் குறித்துவைத்து, அடுத்த சுற்றில் அவற்றையே முதலில் திறந்து பார்க்க வேண்டும்.